மனித விரைத் திசு ஸ்லைடு பெட்டி: 12-ல் 8 அருமை

என் ஆய்வகத்துக்கு வரும் பயாப்ஸிகளில் ஒரு பகுதி குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களிலிருந்து வருபவை. விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை என்று தெரிந்தபின், காரணம் அறிய விரையிலிருந்து எடுத்து அனுப்பும் சிறு துண்டுகள். மொத்த ஆண்களில் 100-க்கு ஒருவர் என்ற அளவில் இந்த நிலை இருக்கிறது. குழந்தையில்லை என்று மருத்துவரிடம் வரும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 10 முதல் 15 சதவீதம். அப்படியிருந்தும் எம்.டி. பேத்தாலஜி படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மாலையில் என்னிடம் ஸ்லைடு பார்க்க வரும் மாணவர்களுக்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். பல மாதங்கள் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

தயாரித்தவர்கள் ஹரியானாவின் அம்பாலாவில் இருக்கிறார்கள். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குக் கருவிகள் செய்து அனுப்புவதில் பேர்போன ஊர் அது. மரப்பெட்டி, 12 ஸ்லைடு, ஆங்கிலத்தில் ஒரு சிறு கையேடு. வரியும் கூரியரும் சேர்த்து ரூ. 5,400 ஆனது. குறைகளையும் சொல்லப்போவதால் தயாரிப்பாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் குறைகளை அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுத்தருபவர்கள் தயங்காமல் வாங்கலாம். தனியாக உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கும் மாணவர் வாங்க வேண்டாம். ஒரு ஸ்லைடில் ஒட்டியிருக்கும் லேபிளையும், இன்னொன்றுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் மதிப்பெண்ணையும் நம்பிப் படித்தால் தவறாகவே மனதில் பதியும். பக்கத்தில் சொல்லித்தர ஆள் வேண்டும்.

பணம் கொடுத்தது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றக் காரணம் திசுவைப் பதப்படுத்திய விதம்தான். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த துண்டை எந்தத் திரவத்தில் போடுகிறார்கள் என்பதில்தான் விரை பயாப்ஸியின் பாதி விஷயம் இருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு ஃபார்மலின் போதும். விரைக்குப் போதாது. ஃபார்மலினில், விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகும், உள்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் கழன்று நடுவில் விழும், உட்கருவில் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் மங்கிப்போகும். எந்தக் கட்டத்தில் விந்தணு உருவாவது நின்றது என்று சொல்வதற்கு அந்தக் குரோமாட்டின்தான் சாட்சி. அது மங்கிவிட்டால் எவ்வளவு நல்ல மைக்ரோஸ்கோப் இருந்தும் பயனில்லை.

அதனால்தான் புவான் திரவம். பிரெஞ்சுக்காரர் போல் புவான் 1897-ல் சொன்ன கலவை: பூரித பிக்ரிக் அமிலக் கரைசல் 75 பங்கு, ஃபார்மலின் 25 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 பங்கு. துண்டு மஞ்சளாகிவிடும், ஆல்கஹாலில் கழுவ வேண்டும், ஒரு நாளுக்கு மேல் ஊறவிடக் கூடாது. பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் பல மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே பயப்படுகின்றன. விளைவு, எனக்கு வரும் பாட்டில்களில் நிறைய ஃபார்மலின்தான். டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டிய துண்டாக இருந்தால் புவான் கூடாது என்பதும் உண்மை. அதற்குத் தனித் துண்டு எடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. பெட்டியின் கையேட்டில் எல்லாத் திசுவும் புவானில் பதப்படுத்தியது என்று போட்டிருக்கிறது. பார்த்தாலே தெரிகிறது. 4 எக்ஸில் குழாய்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன, 40 எக்ஸில் குரோமாட்டின் இழை இழையாகத் தெரிகிறது. மாணவர்களிடம் இந்தப் பெட்டியின் முதல் ஸ்லைடையும், என்னிடம் இருக்கும் ஃபார்மலின் ஸ்லைடு ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் போதும். அடுத்த முறை சர்ஜனிடம் போனில் "சார், புவான்ல போட்டு அனுப்புங்க" என்று அவர்களே சொல்வார்கள்.

முதல் ஸ்லைடு இயல்பான விரை, வழக்கமான ஹெமட்டாக்சிலின்-ஈயோசின் சாயம். பெட்டியின் சிறந்த ஸ்லைடு இதுதான், இதில் ஒரு மாலை முழுவதும் செலவழிக்கலாம். மைக்ரோஸ்கோப்பின் கண்வில்லையில் மைக்ரோமீட்டர் போட்டு அளந்தேன். குழாய்களின் குறுக்களவு 190 மைக்ரான் அருகில் வருகிறது. வளர்ந்த ஆணுக்கு இது இயல்பான அளவு. வெளிச்சுவர் மெல்லியது. அதை ஒட்டி உள்ளே விந்தணு வளர்ச்சியின் முதல் படியான ஸ்பெர்மட்டோகோனியா, அதற்கு மேலே பெரிய உட்கருவும் தடித்த குரோமாட்டின் இழைகளும் கொண்ட முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட், அதற்கும் மேலே சிறிய உருண்டை ஸ்பெர்மாட்டிட், பிறகு நீண்டு கூர்மையான ஸ்பெர்மாட்டிட், நடுவெளியில் விந்தணுவின் தலைகள். இரண்டாம்நிலை ஸ்பெர்மட்டோசைட்டை மாணவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவை உருவானதும் உடனே பிரிந்துவிடுவதால் வெட்டுத்தளத்தில் அகப்படுவது அபூர்வம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இவற்றுக்கு நடுவே, வெளிச்சுவரில் கால் ஊன்றி நடுவெளி வரை நீண்டு, வளரும் செல்களுக்குத் துணையாக நிற்பவை செர்டோலி செல்கள். 1865-ல் என்ரிக்கோ செர்டோலி எழுதியவை. மடிப்பு விழுந்த வெளிறிய உட்கரு, அதன் நடுவில் எடுப்பான புள்ளியாக நியூக்ளியோலஸ். இந்த நியூக்ளியோலஸைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் பயாப்ஸியில் பாதி வேலை முடிந்தது. குழாய்களுக்கு வெளியே லெய்டிக் செல்கள், டெஸ்டோஸ்டிரோன் சுரப்பவை. ஆயில் இம்மர்ஷனில் தேடினால் இளஞ்சிவப்புக் கம்பிபோல் ரெய்ன்கே படிகங்கள் இரண்டு மூன்று இடங்களில் கிடைக்கின்றன. மனித விரை என்பதற்கு அது அடையாளம். எலியில் கிடைக்காது.

எலியைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், நம் கல்லூரிகளில் பலர் விரையை முதன்முதலில் பார்ப்பது எலி ஸ்லைடில்தான். எலியில் ஒரு குழாயின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே கட்டத்தில் இருக்கும். சுற்றிலும் ஒரே காட்சி. மனிதனில் அப்படி இல்லை. வெவ்வேறு கட்டங்கள் திட்டுத்திட்டாக ஒரே வெட்டில் அடுத்தடுத்து இருக்கும். மனிதனுக்கு 6 கட்டங்கள் என்று 1963-ல் இவ் கிளெர்மாண்ட் வகுத்தார். ஒரு சுற்று 16 நாள். ஸ்பெர்மட்டோகோனியத்திலிருந்து விந்தணு வரை சுமார் 74 நாள். அதனால் பல தலைமுறைச் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காக இருக்கின்றன, பக்கத்துத் திட்டில் அந்த அடுக்கு வேறாக இருக்கிறது. இது தெரியாத ஒரு மாணவி இந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தக் குழாயில ஒரு பக்கம் விந்தணு இருக்கு, மறுபக்கம் உருண்டை ஸ்பெர்மாட்டிட்டோட நிக்குது. அரெஸ்ட்டுனு எழுதலாமா?" என்று கேட்டாள். அரெஸ்ட் என்றால் விந்தணு வளர்ச்சி ஒரு கட்டத்தோடு நின்றுவிட்ட நிலை. அப்படி எழுதக் கூடாது, இதுதான் மனிதனில் இயல்பு என்று காட்டினேன். பிறகு அவளே ஒவ்வொரு குழாயாகச் சுற்றிவந்து எந்தப் பக்கம் எந்தக் கட்டம் என்று சொல்ல ஆரம்பித்தாள். இப்படிச் சுற்றிவரும் அளவுக்கு முழு வட்டமான குறுக்குவெட்டுகள் இந்த ஸ்லைடில் நிறைய இருக்கின்றன. சாய்வாக வெட்டுப்பட்டவை குறைவு. துண்டை மெழுகு பிளாக்கில் வைத்தவரின் கைப்பக்குவம் அது.

இந்த ஸ்லைடில் ஒரே மனத்தாங்கல், திசு யாருடையது, என்ன வயது என்று எழுதவில்லை. லெய்டிக் செல்களில் பழுப்பு நிற லிப்போஃபஸ்சின் மணிகள் நிறைய இருக்கின்றன. வயதாக ஆகத்தான் அது சேரும். புராஸ்டேட் புற்றுநோய்க்காக விரையை அகற்றிய முதியவர் ஒருவரின் திசுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். இயல்பான விரைத் திசு பெரும்பாலும் அந்த வழியில்தான் கிடைக்கிறது. தவறில்லை, ஆனால் 30 வயதுக்காரரின் பயாப்ஸியை இதனுடன் ஒப்பிடும்போது அது தெரிந்திருக்க வேண்டும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வயது போதும். திசு கொடுத்தவரின் ஒப்புதலோடு எடுத்ததா என்பதையும் கையேட்டில் ஒரு வரியில் எழுத வேண்டும். மனிதத் திசுவை விலைக்கு விற்கும்போது அந்த ஒரு வரி கட்டாயம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஸ்லைடு அதே திசு, மேசன் டிரைக்ரோம் சாயத்தில். குழாய்ச் சுவரின் நார்த்திசுவை நீலமாகக் காட்ட வேண்டியது. என் கைக்கு வரும்போதே நீலம் வெளுத்திருந்தது. இதைவிட நன்றாக என் டெக்னீஷியனே போட்டுத் தந்துவிடுவார்.

மூன்றாவது, அடைப்பினால் விந்தணு வெளிவராத ஒருவரின் விரை. இந்த ஸ்லைடைப் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தவருக்குப் பாராட்டு. ஏனென்றால் இதில் பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. முதல் ஸ்லைடைப் போலவே எல்லா அடுக்கும் முழுமையாக இருக்கிறது, நடுவெளியில் விந்தணுக்கள் நிறைந்திருக்கின்றன. விந்தில் பூஜ்யம், விரையில் குறைவில்லை. விந்துநாளம் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், விரையிலிருந்து விந்தணு வந்து சேரும் எபிடிடிமிஸ் தொற்றினால் அடைபட்டிருக்கலாம், முன்பு செய்த குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையாக இருக்கலாம். லேபிளை மறைத்து முதல் ஸ்லைடையும் இதையும் கொடுத்து எது மலட்டுத்தன்மை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "விந்தணு இல்லை" என்ற ஒரே சோதனை முடிவுக்குப் பின்னால் முற்றிலும் வேறு வேறான திசுக்கள் இருக்கின்றன. இந்தத் திசு உள்ளவருக்கு விரையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ விந்தணுவை எடுத்து, 1992 முதல் கைவந்திருக்கும் இக்ஸி முறையில் கருமுட்டைக்குள் செலுத்த நல்ல வாய்ப்பு உண்டு.

நான்காவது, எல்லா அடுக்கும் இருந்து செல்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்த நிலை. நல்ல ஸ்லைடு. விளக்கத் தேவையில்லை, முதல் ஸ்லைடுக்குப் பக்கத்தில் வைத்தால் தானே புரியும்.

ஐந்தாவதுதான் என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஸ்பெர்மட்டோசைட் கட்டத்தில் நின்றுவிட்ட விரை. நாங்கள் மெச்சுரேஷன் அரெஸ்ட் என்போம். குழாய் சுருங்கவில்லை, சுவர் தடிக்கவில்லை, செல்கள் நிறைய இருக்கின்றன. அவசரமாகப் பார்த்தால் இயல்பு என்றே தோன்றும். 40 எக்ஸில் நிறுத்திப் பார்த்தால் எல்லாமே முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட், அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. எந்தக் குழாயை எடுத்தாலும் அதே இடத்தில் நிற்கிறது. இவர்களுக்கு விரையின் அளவு இயல்பாக இருக்கும், இரத்தத்தில் விந்தணு உருவாவதைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் பல நேரம் இயல்பாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவர் இது அடைப்புதான் என்று நினைத்துவிட முடியும். மைக்ரோஸ்கோப்தான் பிரித்துச் சொல்லும். காரணம் பலருக்கு மரபணுவில் இருக்கிறது. ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப்-பி என்ற பகுதி முழுவதும் இழந்தவர்களில் இந்தத் தோற்றம்தான் வழக்கம். அவர்களுக்கு அறுவையில் தேடினாலும் விந்தணு கிடைப்பது மிக அரிது என்பதால், இந்தத் தோற்றத்தைப் பார்த்தால் ஒய் குரோமோசோம் சோதனை செய்யுங்கள் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்ப்பேன். வீணான அறுவையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றும் வரி அது.

ஆறாவது ஸ்லைடின் லேபிள் தவறு. ஸ்பெர்மாட்டிட் கட்டத்தில், அதாவது உருண்டை ஸ்பெர்மாட்டிட்டோடு நின்ற அரெஸ்ட் என்று ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் குழாய்களை 40 எக்ஸில் பொறுமையாகப் பாருங்கள், நீண்ட தலையுடன் முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட்கள் அங்கங்கே இருக்கின்றன. அவை இருந்தால் அரெஸ்ட் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைந்த நிலை என்றுதான் எழுத வேண்டும். இது சொல் விளையாட்டு இல்லை. அரெஸ்ட் என்று படிக்கும் தம்பதி நம்பிக்கையை விட்டுவிடுவார்கள். இங்கே விடத் தேவையில்லை. தயாரிப்பாளரிடம் சொன்னபோது முதலில் ஏற்கவில்லை. படம் எடுத்து அனுப்பிய பிறகு அடுத்த தொகுதியில் மாற்றுவதாகச் சொன்னார்கள்.

ஏழும் எட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. ஏழாவது, செர்டோலி செல்கள் மட்டுமே உள்ள விரை. 1947-ல் டெல் காஸ்டிலோவும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த நிலை. குழாய்கள் மெலிந்திருக்கின்றன, நான் அளந்ததில் 130 மைக்ரான் அளவில். உள்ளே ஸ்பெர்மட்டோகோனியா இல்லை, வேறெதுவும் இல்லை. செர்டோலி செல்களின் மேல்பகுதி எல்லாம் காற்றில் சாய்ந்த நாணல் போல ஒரே பக்கம் வளைந்திருக்கிறது. துணைநிற்க வேண்டிய செல்கள் இருக்கின்றன, யாருக்குத் துணையோ அவர்கள் இல்லை. குழாய் மெலிந்ததால் இடையில் இருக்கும் லெய்டிக் செல்கள் கூடுதலாகத் தெரியும். எண்ணிக்கை உண்மையில் கூடியிருக்கிறது என்று உடனே எழுதிவிடக் கூடாது. கருவிலேயே வந்து சேராத செல்களா, கீமோதெரபி போன்ற ஏதோ ஒன்றால் பின்னால் அழிந்த செல்களா என்று கேட்டால், சுவரைப் பாருங்கள் என்பேன். பின்னால் அழிந்த இடத்தில் சுவர் தடித்திருப்பது வழக்கம். இந்த ஸ்லைடில் சுவர் மெல்லியதாகவே இருக்கிறது.

எட்டாவது ஸ்லைடு முதல் பார்வைக்கு ஏழாவது போலவே இருக்கும். ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக நகர்த்திப் பார்த்தால் ஒரு மூலையில் கொத்தாக ஐந்து குழாய்கள் வேறுமாதிரி. கொஞ்சம் பருத்தவை, அடுக்குகள் உள்ளவை, உள்ளே முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட்களும் ஒன்றிரண்டு விந்தணுவும். மொத்தம் சுமார் 90 குழாய்களில் ஐந்து. இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த பணம் முழுவதும் இந்த ஒரு ஸ்லைடுக்கே சரி என்று சொல்வேன். தேர்வில் இதைக் கொடுத்தால் பாதிப் பேர் "செர்டோலி செல் மட்டும்" என்று எழுதிவிட்டு எழுந்துபோவார்கள்.

இந்த இடத்தில் கையேட்டின் மீது எனக்குப் பெரிய வருத்தம். அதில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஜான்சன் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். 1970-ல் வந்த முறை. ஒவ்வொரு குழாய்க்கும் 1 முதல் 10 வரை எண் கொடுக்க வேண்டும். முழு வளர்ச்சி 10, ஸ்பெர்மாட்டிட் இல்லாமல் ஸ்பெர்மட்டோசைட் வரை மட்டும் என்றால் 5 அல்லது 4, ஸ்பெர்மட்டோகோனியா மட்டும் 3, செர்டோலி மட்டும் 2, எதுவுமே இல்லாமல் நாராகிவிட்டால் 1. பிறகு சராசரி. நல்ல முறைதான், கண்ணைப் பழக்கும். ஆனால் எட்டாவது ஸ்லைடுக்குக் கையேட்டில் சராசரி 2.3 என்று மட்டும் இருக்கிறது. கணக்கு சரியே. ஏறக்குறைய எல்லாக் குழாயும் 2, ஐந்து மட்டும் 8 என்றால் சராசரி அங்கேதான் வரும். அந்த 2.3-ஐப் படிக்கும் சர்ஜனுக்கு அந்த ஐந்து குழாய்கள் இருப்பது எப்படித் தெரியும்?

1999 முதல் மைக்ரோ-டெசி என்ற அறுவை இருக்கிறது. விரையைத் திறந்து, ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பின் கீழே மெலிந்த குழாய்களுக்கு நடுவே பருத்து வெளுத்திருக்கும் குழாய்களைத் தேடி எடுப்பார்கள். அப்படித் தேடுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய தகவல். எனவே ரிப்போர்ட்டில் சராசரியோடு, எத்தனை குழாய் பார்த்தோம், அதில் எத்தனை எந்தத் தோற்றத்தில், மிக முன்னேறிய குழாய் எதுவரை போயிருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னது முதல் வரியிலேயே வர வேண்டும். கையேட்டைத் திருத்தும்போது இதைச் சேருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதுவரை வாங்குபவர்கள் அந்த மதிப்பெண் பக்கத்தை மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.

இறங்காத விரை ஒன்பதாவது. வளர்ந்த வயதில் அகற்றியது. குழாய்கள் சிறுத்து, சுவர் தடித்து, அங்கங்கே சுண்ணாம்பு மணிகள் படிந்து இருக்கின்றன. தெளிவான ஸ்லைடு.

பத்தாவது, கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி உள்ளவரின் விரை. 1942-ல் ஹாரி கிளைன்ஃபெல்டர் இதை விவரித்தார். கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோம்தான் காரணம் என்று 1959-ல் தெரிந்தது. கண்ணாடிபோல் இறுகிப்போன குழாய்கள், அவற்றுக்கிடையே கட்டிகட்டியாக லெய்டிக் செல்கள் என்று மறக்க முடியாத தோற்றம். எனக்கு வந்த ஸ்லைடு அதற்கு நியாயம் செய்யவில்லை. திசுவைச் சீவும் கருவியான மைக்ரோடோமில் தடிமனாக வெட்டிவிட்டார்கள். 3 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டியது இது. நடுவில் ஒரு மடிப்பு வேறு, மூடுகண்ணாடியை ஒட்டும் டிபிஎக்ஸ் பசைக்குள் காற்றுக்குமிழி வேறு. படம் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் வேறு ஸ்லைடு அனுப்பினார்கள், கூரியர் செலவும் கேட்கவில்லை. மாற்றி வந்ததில் மடிப்பு இல்லை, தடிமன் அப்படியேதான். பிளாக்கே ஒன்றுதான் இருக்கும் போல. இறுகிய குழாய்களுக்கு நடுவே, முதிராமலே நின்றுவிட்ட செர்டோலி செல்கள் கொண்ட சிறு குழாய்கள் இந்த நோயில் இருக்கும். அவற்றின் சுவரில் மீள்நார்கள் இருக்காது, ஏனென்றால் அவை பருவ வயதில்தான் உருவாகும். அதைக் காட்ட மீள்நார்ச் சாயம் போட்ட ஸ்லைடு ஒன்று கூடவே வைத்திருந்தால் கற்றுத்தருபவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

பதினொன்று, முழுவதும் நாராகிப்போன கடைசி நிலை. நன்றாக இருக்கிறது.

பன்னிரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். புற்றுநோயின் முன்நிலை. 1972-ல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கபெக் இதைக் கண்டது குழந்தையின்மைக்காக எடுத்த பயாப்ஸியில்தான். குழாயின் வெளிச்சுவரை ஒட்டி, ஸ்பெர்மட்டோகோனியா இருக்க வேண்டிய இடத்தில், பெரிய உட்கருவும் தெளிந்த சைட்டோபிளாசமும் கொண்ட செல்கள் வரிசையாக இருக்கும். அதே குழாயில் விந்தணு உருவாவது பெரும்பாலும் நின்றிருக்கும். கவனிக்காமல் விட்டால் 5 ஆண்டுகளில் பாதிப் பேருக்கு முழுக் கட்டியாக மாறிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிறு வயதில் விரை இறங்காமல் இருந்தவர்களிடம் தனியாகத் தேட வேண்டும். குழந்தைக்காக வந்தவரின் உயிரையே காப்பாற்றக்கூடிய கண்டுபிடிப்பு என்பதால் இந்த ஸ்லைடு பெட்டியிலேயே சிறந்ததாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கமான சாயத்தில் ஒரே ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறார்கள். ஆக்ட்-4, பிஎல்ஏபி போன்ற ஆன்டிபாடி சாயங்கள் விலை கூடுதல், அதைக் கேட்கவில்லை. இந்தச் செல்களில் கிளைகோஜன் நிறைய இருக்கும் என்பதால் சாதாரண பிஏஎஸ் சாயமே அவற்றைச் சிவப்பாகத் தூக்கிக் காட்டும். எந்த ஆய்வகத்திலும் இருக்கும் சாயம். அதையாவது சேர்த்திருக்கலாம்.

பேக்கிங் பற்றிக் குறையில்லை. பெட்டிக்குள் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனிப் பள்ளம், மேலே ஸ்பாஞ்சு, ஒன்றுகூட உடையவில்லை. லேபிள்கள் அச்சடித்தவை, ஆல்கஹால் பட்டால் அழிகின்றன. வந்தவுடன் கண்ணாடி எழுதும் வைரப் பேனாவால் எண்ணைப் பொறித்துவிடுங்கள். வெயில் படும் மேசையில் வைத்தால் ஈயோசின் வெளுக்கும், பெட்டியைப் படுக்கையாக அலமாரியில் வைக்க வேண்டும்.

ஆர்டர் செய்பவர்கள் போனிலேயே பேசிவிடுவது நல்லது. 12-க்குக் கூடவே பிஏஎஸ் ஸ்லைடு வேண்டும் என்று கேட்டால் தனியாக ரூ. 450-க்குத் தருகிறார்கள், பட்டியலில் அது இல்லை. கிளைன்ஃபெல்டர் ஸ்லைடை 4 மைக்ரானில் வெட்டியதுதானா என்று கேட்டு உறுதி செய்த பிறகு பணம் அனுப்புங்கள். டிரைக்ரோமுக்குப் பதிலாக எட்டாவது ஸ்லைடின் இன்னொரு வெட்டைத் தர முடியுமா என்று நான் கேட்டிருக்கிறேன். முடியும் என்றிருக்கிறார்கள், வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.